புள்ளலூர்க் களத்தில் இல்லாத கல்

(தமிழாசிரியர் ஒருவர் இலக்கிய மன்றக் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)

 

'நடுகல்லும் நம் கடனும்' என்பது எனக்குத் தரப்பட்டுள்ள தலைப்பு. இத் தலைப்பில் பேசுவோர் தொல்காப்பியத்தில் தொடங்கிக் கழக நூல்களுக்குள் உலாவி, பழம்பெருமை பாடி அமர்ந்துவிடுவது வழக்கம். நானும் பல கூட்டங்களில் அப்படிப் பேசியவன்தான். இன்று அந்த வழியை விட்டு, நடுகல் இருக்கும் இடத்தைப் பற்றியன்று, நடுகல் இருந்திருக்க வேண்டிய ஓர் இடத்தைப் பற்றிச் சொல்லலாம் என்று வந்திருக்கிறேன். அவ்விடத்தின் பெயர் புள்ளலூர்.

காஞ்சிக்கு வடக்கே உள்ள சிற்றூர் அது. ஏரிப் பாசனமும் நெல்வயலும் உடைய தொண்டைநாட்டு ஊர். ஊருக்குப் புறத்தே வயல்களின் இடையில் இரண்டு தூண்கள் நிற்கின்றன. நாற்புறமும் பட்டையிட்டு, மேலே செல்லச் செல்ல ஒடுங்கி, முனையிற் கூராய் முடியும் தூண்கள். கோயில் தூணும் அல்ல. கொடித் தூணும் அல்ல. அவற்றில் பொறித்துள்ள எழுத்து ஆங்கிலம். ஒன்று சார்சு பிரௌன் என்னும் படைத்தலைவனுக்கு உரியது. மற்றொன்று சேம்சு இசுலாப்பு என்னும் இளந்தலைவனுக்கு உரியது. இருவரும் கிழக்கிந்தியக் குழுமத்தின் படையில் பணிசெய்த வெள்ளையர். இருவரும் 1781ஆம் ஆண்டு ஆகத்துத் திங்கள் 27ஆம் பக்கல் அக்களத்தில் இறந்தவர்கள்.

இத்தூண்களைப் பற்றிப் பேசுவோர் பலர் ஒரு பிழை செய்கின்றனர். பெய்லி என்னும் ஆங்கிலத் தலைவன் ஐதரலியிடம் தோற்ற போருக்கு இவை நினைவுக்குறி என்று எழுதிவிடுகின்றனர். அது தவறு. புள்ளலூரில் அடுத்தடுத்த ஈராண்டுகளில் இரண்டு போர்கள் நடந்தன. பெய்லி தோற்றது 1780இல். இத்தூண்கள் 1781ஆம் ஆண்டுப் போருக்கு உரியவை. தோற்ற போருக்கு அன்று, களத்தைத் தாம் விடாது பிடித்துக்கொண்ட போருக்குத்தான் ஆங்கிலர் அங்கே கல் நிறுத்தினர் என்பதை நினைவிற் கொள்ளுங்கள்.

முதற்போரைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நம் பள்ளிப் பாட நூல்களில் அஃது 'இரண்டாம் மைசூர்ப் போர்' என்னும் தலைப்பின்கீழ் ஒரு வரியாய் ஒடுங்கிக் கிடக்கிறது. மாணவன் அவ்வரியை ஒப்பித்து மதிப்பெண் பெறுகிறான். அப்போர் தன் ஊருக்குப் பக்கத்தில் நடந்தது என்பது அவனுக்குத் தெரியாது. அது மைசூரில் நடந்தது என்றே எண்ணிக்கொள்கிறான்! பெயர் அப்படி. மைசூர்ப் போர் என்றனர். ஆனால் எரிந்தது தொண்டைநாடு.

1769இல் ஐதரலிக்கும் ஆங்கிலர்க்கும் ஓர் உடன்படிக்கை ஏற்பட்டது. ஒருவர்க்கு இடர் வந்தால் மற்றவர் துணைவர வேண்டும் என்பது அதன் கூறுகளுள் ஒன்று. மராட்டியர் ஐதரலியைத் தாக்கியபோது ஆங்கிலர் வாளா இருந்தனர். பின்னர் 1779இல், ஐதரலியின் காப்பில் இருந்த மாகேயையும் கைப்பற்றிக்கொண்டனர். ஐதரலியின் சினத்துக்கு இவையே கரணியம். 1780 சூலையில் ஏறத்தாழ எண்பது, தொண்ணூறு ஆயிரம் பேர் கொண்ட பெரும்படையுடன் அவர் செங்கம் கணவாய் வழியாகத் தமிழ்நிலத்தில் இறங்கினார்.

செங்கம் என்ற பெயரைக் கேட்டதும் தமிழ் படித்தவர் செவி சற்று நிமிரும். அது நன்னனின் செங்கண்மா. மலைபடுகடாம் பாடிய பெருங்கௌசிகனார் கூத்தர்க்கு வழிசொல்லி அனுப்பிய நாடு. அவ்வழியில் மறவர் பெயர் பொறித்த நடுகற்கள் நிற்கும் என்று அப்பாட்டே சொல்கிறது. அவ்வட்டாரத்தில்தான் பிற்காலத்தில் பல்லவர் காலத்து நடுகற்கள் மிகுதியாய்க் கண்டறியப்பட்டு, 1972இல் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறையால் 'செங்கம் நடுகற்கள்' என்னும் தொகுப்பாக வெளிவந்தன. தமிழன் கல்நட்டு மாண்டோரைப் போற்றிய அந்த நிலத்தின் வழியாகத்தான், பின்னர்க் கல்நட ஆளில்லாமல் மாளப்போகும் ஆயிரக்கணக்கான படைஞரின் நடையும் தொடங்கியது.

படை நாட்டை எரித்துக்கொண்டே வந்தது. ஆங்கிலர்க்கு நெல்லும் மாடும் கிடைக்கலாகாது என்பதற்காக ஊர்கள் வெறுமையாக்கப்பட்டன. உழவர் ஓடினர். ஓடாதவர் மாண்டனர். ஏரிகள் உடைந்தன. இந்த அழிவை 1785இல் இங்கிலாந்து மன்றத்தில் எட்மண்டு பர்க்கு எடுத்துரைத்தார். அவ்வுரை ஆர்க்காட்டு நவாபின் கடனைப் பற்றியது. நம் ஊர்கள் எரிந்த செய்தியும் ஆங்கிலத்தில்தான் பதிவாகியிருக்கிறது. பின்விளைவாய் வந்த பஞ்சத்தில் சென்னைக்குள் கூட்டங் கூட்டமாய் வந்து விழுந்த மக்களுக்குக் கஞ்சி ஊற்ற 1782இல் எழுந்ததே மணியக்காரர் சத்திரம். அதனை ஒட்டி வளர்ந்த மருத்துவமனையைச் சென்னை மக்கள் இன்றும் 'கஞ்சித் தொட்டி' என்றுதான் சொல்கின்றனர். புள்ளலூர்ப் போரைச் சுமக்கும் ஒரே தமிழ்ச்சொல் ஒருவேளை அதுவாகவே இருக்கலாம்.

சென்னையிலிருந்து எதிர்க்கப் புறப்பட்டவன் எக்டர் மன்றோ. தீவுத்திடலில் குதிரைமேல் அமர்ந்திருக்கும் தாமசு மன்றோ வேறு, இவன் வேறு. (அந்தத் தாமசு மன்றோவும் அப்போது இப்படையில் ஓர் இளைஞனாய் இருந்தார் என்பது தனிச்செய்தி.) எக்டர் மன்றோ 1764இல் பக்சார்ப் போரில் வென்றவன், அந்தப் பெயரே அவனுக்குப் போதுமானதாய் இருந்தது. பறங்கிமலையிலிருந்து கிளம்பி ஆகத்து இறுதியில் காஞ்சியை அடைந்து, அங்கே கூலத்தைக் குவித்துக்கொண்டு அமர்ந்தான். வடக்கே குண்டூர்ப் பக்கமிருந்து மற்றொரு படையுடன் பெய்லி வந்து அவனோடு சேர வேண்டும் என்பது ஏற்பாடு.

பெய்லி கொற்றலை ஆற்றங்கரைக்கு வந்து சேர்ந்தபோது ஆற்றில் நீர் மிகுதியில்லை. அன்றே கடந்திருக்கலாம். வடகரையில் தங்கிக் காலையில் கடக்கலாம் என்று இருந்துவிட்டான். இரவில் வெள்ளம் வந்தது. பத்து நாளளவு அவன் அக்கரையிலேயே கிடந்தான். தொண்டைநாட்டு ஆறுகள் எப்போதும் மணலாய்க் கிடக்கும். வந்தால் ஒரே இரவில் வரும். இது கரையோர ஊர்ச் சிறுவனுக்கும் தெரிந்த செய்தி. கேட்டிருந்தால் சொல்லியிருப்பான்.

செபுதம்பர் 6ஆம் பக்கல் பேரம்பாக்கத்தருகே திப்பு அவனைத் தாக்கினார். முப்பதை எட்டாத இளைஞர் திப்பு. அன்று பெய்லி தாக்குப்பிடித்தான்; ஆயினும் மேற்செல்ல முடியவில்லை; துணைவேண்டி மன்றோவுக்கு ஓலை விடுத்தான். மன்றோ தான் வரவில்லை. காஞ்சியில் குவித்த கூலத்தை விட்டுவர மனமில்லை. பிளெச்சர் என்பவன் தலைமையில் ஏறத்தாழ ஆயிரம் பேரை மட்டும் அனுப்பினான். அவர்கள் 9ஆம் பக்கல் பெய்லியுடன் சேர்ந்தனர். இப்போது மொத்தம் ஏறத்தாழ 3,800 பேர். அன்றிரவே காஞ்சி நோக்கி நடந்தனர். நடுவழியில் விடியும்வரை நிற்கலாம் என்று பெய்லி மீண்டும் நின்றான். ஆற்றங்கரையில் ஓரிரவு நின்றான். களத்தில் ஓரிரவு நின்றான். இரண்டு இரவுகளும் அவனைக் கொன்றன என்பேன்.

10ஆம் பக்கல் விடிந்தது. திருவள்ளுவராண்டு 1811. முதலில் திப்புவின் படை; பிறகு ஐதரலியின் பெரும்படை. மைசூர்ப் படையில் இரும்புக் குழாயில் மருந்தடைத்து மூங்கில் கட்டிச் செலுத்தும் வாணங்கள் இருந்தன; பிற்காலத்தில் ஆங்கிலர் இவற்றைப் பார்த்தே தம் வாணங்களைச் செய்துகொண்டனர். பெய்லியின் வெடிமருந்து வண்டிகள் வெடித்துச் சிதறின. வாணம் பட்டு வெடித்தன என்பாரும், பீரங்கிக் குண்டு பட்டு வெடித்தன என்பாரும் உளர். மருந்து போனபின் பீரங்கி வெறும் இரும்பு. நாற்புறமும் சூழப்பட்ட படை சதுரமாய் நின்று, குறுகிக் குறுகி, அறுந்தது. பெய்லி தன் துணியை உயர்த்திப் பணிந்தான். அதை அறியாத சிலர் மேலும் சுட, சினந்த குதிரைப்படை உள்ளே புகுந்து வெட்டியது. ஐதரலியிடம் பணிசெய்த பிரெஞ்சுத் தலைவர் இலாலி, பிமொரேன் ஆகிய இருவர் தடுத்திராவிட்டால் வெள்ளையர் ஒருவரும் எஞ்சியிருக்கமாட்டார் என்று உயிர்பிழைத்தோரே எழுதிவைத்துள்ளனர்.

பீரங்கி ஓசை கேட்கும் தொலைவில்தான் மன்றோ இருந்தான். கேட்டுப் புறப்பட்டான். வழியிலேயே செய்தி அறிந்து திரும்பினான். தன் பெரும்பீரங்கிகளைக் காஞ்சிக் கோயிற்குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கழுநீர்ப்பட்டு வழியாகச் சென்னைக்கு ஓடினான். பக்சாரை வென்றவன் காஞ்சிக் குளத்தில் தன் பெயரையும் போட்டுவிட்டுப் போனான்.

இனி எண்ணிக்கைக்கு வருகிறேன். என் பேச்சின் உயிர் அதில்தான் இருக்கிறது.

அப்படையில் வெள்ளை அலுவலர் 86 பேர். அவர்களுள் இறந்தவர் 36, புண்பட்டவர் 34, புண்படாது பிடிபட்டவர் 16. கூட்டிப் பாருங்கள், 86 சரியாய் வரும். ஒரு தலை குறையவில்லை. அவர்கள் பெயரெல்லாம் தெரியும். பெய்லி திருவரங்கப்பட்டினச் சிறையில் 1782 நவம்பரில் இறந்தான். 1816இல் அவன் உடன்பிறந்தார் மகன் அங்கே ஒரு நினைவுமாடம் எழுப்பினான். தாவீது பெயர்டு என்னும் இளந்தலைவன் மூன்றரை ஆண்டுக்கு மேல் சிறையிருந்தான். 1799 மே 4இல் அதே திருவரங்கப்பட்டினக் கோட்டைக்குள் படைநடத்திப் புகுந்தவன் அவன்தான். வெள்ளையருள் பிழைத்தோர் நாட்குறிப்பு எழுதினர், நூல் எழுதினர்.

3,800 பேரில் வெள்ளையர் ஏறத்தாழ 500. மற்ற 3,300 பேர் யார்? நம் நாட்டவர். தமிழரும் தெலுங்கரும் முசுலிம்களும் கலந்த காலாட்கள். இவர்களைச் 'சிப்பாய்' என்று ஒரு பாரசீகச் சொல்லால் குறித்துவைத்தனர். இவர்களுள் எத்தனைபேர் இறந்தனர், எத்தனைபேர் புண்பட்டனர், எத்தனைபேர் பிடிபட்டனர் என்று அலுவலர்க்குப் போட்டதுபோல் ஒரு கணக்கு உண்டா? 'எஞ்சியோர் அழிந்தனர், சிதறினர்' என்று ஒரு சொல்லில் முடிகிறது. எதிர்ப்பக்கத்தில் மாண்டவரும் அப்படியே. அவர்களுள்ளும் கன்னடர், மராட்டியர், தெலுங்கர், தமிழர் எல்லாம் இருந்தனர். அவர்களுக்கும் பெயரில்லை.

அடுத்த ஆண்டு, 1781 ஆகத்து 27இல், வந்தவாசியில் 1760இல் வென்று பெயர்பெற்ற அயர் கூட்டு என்னும் ஆங்கிலத் தலைவன், அதே புள்ளலூர்க் களத்தில் ஐதரலியை எதிர்கொண்டான். தனக்கு வெற்றி தந்த இடம் என்று ஐதரலியே அக்களத்தைத் தேர்ந்துகொண்டார் என்பர். பகல்முழுதும் பீரங்கிப் போர். தெளிவான வெற்றி எவர்க்கும் இல்லை. மாலையில் ஐதரலி விலகினார். ஆங்கிலர் களத்தில் நின்றனர். சுடுவார் என்னும் தளபதி ஒரு காலை இழந்தான். பிரௌனும் இசுலாப்பும் மாண்டனர். நான் முதலிற் சொன்ன தூண்கள் இவ்விருவர்க்கும்தான். கூட்டின் படை அக்களத்தில் நடந்தபோது, முன்னாண்டு மாண்டோரின் எலும்புகள் அடக்கம் செய்யப்படாமல் அங்குமிங்கும் கிடந்ததைக் கண்டு கலங்கியதாக அக்காலக் குறிப்புகள் கூறுகின்றன. ஓராண்டு வெயிலும் மழையும் அவற்றின்மீது சென்றிருந்தன. அவ்வெலும்புகளுக்கு இடையில் இருவர்க்குக் கல் எழுந்தது.

ஊர்ப்பெயரைப் பற்றியும் சொல்ல வேண்டும். தமிழாசிரியன் அதைச் சொல்லாமல் எப்படி அமர்வான்? புள்ளலூர் என்பதை ஆங்கிலர் 'பொல்லிலூர்' என்று எழுதினர். ளகரத்துக்கு அவர்களிடம் எழுத்தில்லை. அது அவர்கள் குற்றமன்று. நம்மவர் ஆங்கில நூலைப் பார்த்துத் தமிழில் எழுதும்போது 'பொல்லிலூர்ப் போர்', 'பொள்ளிலூர்ப் போர்' என்று எழுதுகிறார்களே, அது யார் குற்றம்? காஞ்சிபுரம் 'காஞ்சீவரம்' ஆனது. வந்தவாசி 'வாண்டிவாசு' ஆனது. பரங்கிப்பேட்டை 'போர்ட்டோ நோவோ' ஆனது. போர் நடந்த இடமெல்லாம் வெள்ளையன் நாவில் வேறு இடமாகிவிட்டது. கேட்பவனுக்கு அது தன் மாவட்டத்து ஊர் என்றே விளங்காது. மறதி பாதி இப்படித்தான் வந்தது.

அவ்வூர்ப் பெயரோ ஆயிரத்து நானூறு ஆண்டுப் பழமை உடையது. காரைக்காலை அடுத்த காசக்குடியில் 1879இல் கிடைத்த செப்பேடு, பல்லவன் முதலாம் மகேந்திரவருமன் தன் தலையாய பகைவரை இவ்வூரில் அழித்தான் என்று கூறுகிறது. பகைவர் பெயரை அது சொல்லவில்லை. சாளுக்கியன் இரண்டாம் புலிகேசியே என்று வரலாற்றறிஞர் பெரும்பாலோர் கொள்வர். புலிகேசியின் அய்கொளெக் கல்வெட்டோ, பல்லவன் காஞ்சி மதிலுக்குள் ஒளிந்தான் என்கிறது. இரண்டு அரசரும் தாமே வென்றதாய்ச் சொல்லிக்கொள்வது அக்காலத்தும் உண்டு! ஆக, வடக்கிலும் மேற்கிலும் இருந்து காஞ்சிக்கு வரும் படை நிற்கும் களம் அது. ஏழாம் நூற்றாண்டிலும் அங்கே மாந்தர் மாண்டனர். பதினெட்டாம் நூற்றாண்டிலும் மாண்டனர்.

இங்கே ஒரு செய்தியைக் கருத்தூன்றிக் கேளுங்கள். மகேந்திரனின் வெற்றியைச் சொல்லும் காசக்குடிச் செப்பேட்டின் அப்பகுதி வடமொழியில் உள்ளது. அதே மகேந்திரனின் 34ஆம் ஆட்சியாண்டில், செங்கம் வட்டாரத்து எடுத்தனூரில் ஒரு நடுகல் நடப்பட்டது. அது தமிழில், வட்டெழுத்தில் உள்ளது. அக்கல் கருந்தேவக்கத்தி என்னும் மறவனுக்கு உரியது. அவன் அரசன் அல்லன். ஆநிரைப் பூசலில் மாண்ட ஒருவன். அவன் அருகில் ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. அந்நாயின் பெயர் கோவிவன். கள்வர் இருவரைக் கடித்துத் தன் தலைவனைக் காத்து நின்றதாம் அந்நாய். அதையும் கல்லில் எழுதிவைத்தனர்.

நாய்க்குப் பெயர் பொறித்த இனம் இது, பெரியீர்! அரசன் புகழ் செப்பேட்டில் வடமொழியில் இருந்தது; எளியவன் இறப்பு கல்லில் தமிழில் இருந்தது. தேனி மாவட்டப் புலிமான்கோம்பையில் 2006இல் கண்டெடுத்த தமிழிக் கற்களோ இதனினும் பல நூற்றாண்டு முந்தியவை. அங்கும் ஆகோளில் மாண்ட ஊரவன் ஒருவன் பெயர் நிற்கிறது. கல்லைத் தேர்தல் முதல் வாழ்த்துதல் ஈறாக ஆறு நிலைகளை வகுத்து, அதற்குப் புறத்திணையில் இடமும் கொடுத்தார் தொல்காப்பியர். அவ்வழக்கம் பதினெட்டாம் நூற்றாண்டில் எங்கே போயிற்று? ஊர்க்காவலுக்காக மாண்டவனுக்கு ஊர் கல் நட்டது. கூலிக்குப் பிறன் படையில் சேர்ந்து, பிறன் பகையில் மாண்டவனுக்கு எந்த ஊர் கல் நடும்? அவன் எந்த ஊரான் என்று அவனை ஆண்டவனுக்கே தெரியாதே!

ஒருபுறம் இப்படியிருக்க, வென்றவர் பக்கத்தில் நினைவு வேறுவகையாய் நின்றது. திருவரங்கப்பட்டினத்தில் 1784இல் எழுந்த தரியா தௌலத்து மாளிகையின் மேற்குச் சுவர் முழுதும் திப்பு இப்போரை ஓவியமாக்கினார். நடுவே வண்டி வெடிக்கிறது. பல்லக்கில் பெய்லி அமர்ந்திருக்கிறான். அவ்வோவியத்தின் தாள்படி ஒன்று 2022இல் இலண்டன் ஏலத்தில் 6,30,000 பவுனுக்கு விலைபோயிற்று. அமெரிக்காவின் வாலப்சுத் தீவு ஏவுதளத்துக்குப் பயிற்சிக்குச் சென்ற நம் அப்துல் கலாம், அங்கே வரவேற்பறையில் திப்பு படையின் வாணப்போரைக் காட்டும் ஓவியத்தைக் கண்டு வியந்ததை எழுதியிருக்கிறார். கன்னட நாட்டில் சுவர் இருக்கிறது. இலண்டனில் தாள் இருக்கிறது. அமெரிக்காவில் படம் இருந்தது. களம் இருக்கும் தொண்டைநாட்டில் தமிழில் ஓர் எழுத்து இல்லை.

இதைச் சொன்னவுடன் நம் இளைஞர் இருவகையாய்க் கிளர்ந்தெழுகின்றனர். சிலர், 'வெள்ளையன் தூணைப் பெயர்த்தெறிவோம்' என்கின்றனர். வேண்டா. அத்தூணும் ஒரு சான்று. அது நின்றதனால்தான் களம் எங்கே என்று இன்று சுட்டிக்காட்ட முடிகிறது. நாம் செய்யத் தவறியதற்காக, அவன் செய்ததை இடிப்பது ஆண்மையாகாது.

வேறு சிலர், 'ஆங்கிலனை இந்திய மண்ணில் படுதோல்வி அடையச் செய்த களம். இது தமிழர் வெற்றி. வெற்றித்தூண் நிறுத்துவோம்' என்கின்றனர். ஆங்கிலன் அதுவரை இங்கே அடைந்த தோல்விகளுள் அது மிகப் பெரியவற்றுள் ஒன்று என்பது மெய். ஐதரலியின் போர்த்திறனும் மெய். ஆனால் அது தமிழர் வெற்றி அன்று. இருபக்கமும் தமிழன் மாண்டான். எப்பக்கம் வென்றிருந்தாலும் தமிழன் ஆளப்போவதில்லை. வென்ற படை காஞ்சிச் சீமையை எரித்த படை. தோற்ற படை அச்சீமையைப் பின்னர் நூற்றாண்டுக்குமேல் உறிஞ்சிய படை. எரிந்த வீட்டுக்காரனிடம் போய், எரித்தவன் வெற்றிக்கு விழா எடு என்று எப்படிச் சொல்வது? உணர்வு வேண்டும், ஆனால் உண்மைக்கு மாறான உணர்வு நம்மை நகைப்புக்கு ஆளாக்கும்.

அதனினும் தீங்கானது மூன்றாவது ஒன்று. களத்தில் மாண்ட தமிழ் மறவன் ஒருவன் பெயரைக் 'கண்டுபிடித்து', அவனுக்குக் குலமும் குடியும் கற்பித்து, சிலை வைக்கும் வேலை. நம் நாட்டில் இது பெருகிவருவதை நீங்களும் பார்க்கிறீர்கள். ஒவ்வொரு குலத்தார்க்கும் ஒரு தலைவன் வேண்டியிருக்கிறது. சான்றைப் பற்றி எவர்க்கும் அக்கறையில்லை. நடுகல் நட்ட நம் முன்னோர், இல்லாதவன் பெயரைக் கல்லில் வெட்டியவர் அல்லர். ஆட்சியாண்டு, தலைவன் பெயர், மாண்டவன் பெயர், மாண்ட வகை என்று அளந்து எழுதினர். ஒரு சொல் மிகையில்லை. அந்த நேர்மைதான் நடுகல்லின் சிறப்பு. கல் வெட்டுபவன் கை பொய் சொல்லத் தொடங்கினால், உண்மைக் கல்லையும் நாளை எவரும் நம்பார்.

பெயர் கிடைக்கவே கிடைக்காதா? தேடியவர் யார்? குழுமத்தின் படை ஆவணங்கள் எழும்பூர் ஆவணக் காப்பகத்திலும் இலண்டன் நூலகத்திலும் கட்டுக்கட்டாய் இருக்கின்றன. ஆங்கிலம் கற்ற நம் பிள்ளைகள் அவ்வாங்கிலத்தைக் கொண்டு அலுவலகத்தில் கையெழுத்திடுவதோடு நில்லாமல், அக்கட்டுகளில் ஒன்றை அவிழ்த்துப் பார்க்கலாம். மாண்டவன் மனைவிக்கு உதவிப்பணம் கொடுத்த குறிப்பு ஒன்றில் ஒரு பெயர் அகப்படலாம். காஞ்சி வட்டத்து முதியோரிடம் பழைய நிலப்பெயர்களைக் கேட்டு எழுதலாம். மேடும் குட்டையும் சில வேளை போரை நினைவில் வைத்திருக்கும். இவை கல்லூரி ஆராய்ச்சியாளர்தாம் செய்ய வேண்டும் என்பதில்லை. விடுமுறையில் நாலு மாணவரும் ஒரு குறிப்பேடும் போதும்.

இடையில் செய்யக் கூடியது ஒன்று உண்டு. ஊராட்சியாரிடமும் தொல்லியலாரிடமும் முறைப்படி இசைவு பெற்று, அத்தூண்களைத் தொடாமல், ஊர்ப்பொது இடத்தில் ஒரு கல் நட வேண்டும். உயரமான தூண் வேண்டா, பளிங்கு வேண்டா, திறப்பாளர் பெயர் வெட்டவே வேண்டா. திறப்பாளர் பெயரை முதல் வரியில் பெரிதாக வெட்டி மாண்டாரைச் சிறிதாக வெட்டும் வழக்கம் நம்மிடையே வந்துவிட்டது. ஆளுயரக் கருங்கல் ஒன்று. ஒருபக்கம் மட்டும் மழித்தால் போதும். கல்லில் வெட்டுவதற்கு நான் வரைந்து வைத்துள்ள வாசகம் இது:

'புள்ளலூர்க் களம். பல்லவன் மகேந்திரவருமன் தன் பகைவரோடு பொருத இடம். திருவள்ளுவராண்டு 1811 (1780) செபுதம்பர் 10ஆம் பக்கலும், அடுத்த ஆண்டு ஆகத்து 27ஆம் பக்கலும், மைசூர் ஐதரலியும் கிழக்கிந்தியக் குழுமத்தாரும் இங்குப் போரிட்டனர். இருபடையிலும் நின்று மாண்டவருள் மிகப்பலர் இந்நாட்டு மக்கள். அவர்களோடு, படை எரித்த ஊர்களில் மாண்டோர்க்கும், பின்வந்த பஞ்சத்தில் மாண்டோர்க்கும் இக்கல்.'

இதில் பிழையோ குறையோ காண்போர் கூட்டம் முடிந்ததும் சொல்லுங்கள். வெட்டுவதற்கு முன் திருத்துவது எளிது. 'பொருத' என்னும் சொல் பொதுமக்களுக்கு விளங்காது என்று இப்போதே ஒரு நண்பர் சொன்னார். 'போரிட்ட' என்றே வைத்துக்கொள்ளலாம். ஒரே வாசகத்தில் இருமுறை வந்தாலும் இழுக்கில்லை. வாசகத்துக்குக் கீழே இரண்டு முழம் கல்லை மழித்து, எழுத்தின்றி விட வேண்டும். பெயர்கள் கிடைக்கக் கிடைக்க அங்கே வெட்டிக்கொள்ளலாம்.